டெல்டாவிலிருந்து ஓர் ஊருக்கு உண்மையில் எவ்வளவு தூரம்? விமானத் தூரமும் சாலைத் தூரமும் கணக்கிட முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம்? தூரம் காட்டும் இணையதளம் ஒன்றில் போட்டுப் பார்த்தால் 283 கி.மீ. என்று வரும். மேப்பில் கார் குறியைத் தொட்டால் 320-ஐ ஒட்டி ஓர் எண் வரும். கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் போகும் ரயிலுக்கு அது 351. திருச்சி சுற்றிப் போகிற வண்டியின் மீட்டர் 380-ஐத் தாண்டிவிடும். இந்த நான்கில் எதுவும் தப்பில்லை. ஆனால் ஒரு கேள்விக்கு உரிய எண்ணை இன்னொரு கேள்விக்குப் பதிலாக எடுத்துக்கொண்டால் விமானம் போய்விடும், டாக்சிக்காரரோடு தகராறு வரும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற பெரியவர் வழியில் வாடிப்போவார்.

காவிரி டெல்டாவில் இந்தக் குழப்பம் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் அதிகம். நம் ஊரில் தூரத்தைத் தீர்மானிப்பது ஆறும் பாலமும். எந்தத் திசையில் போகிறோம், எங்கே ஆற்றைக் கடக்கிறோம் என்பதை வைத்துத்தான் நேர்கோட்டுத் தூரத்துக்கும் சாலைத் தூரத்துக்கும் உள்ள இடைவெளி அமைகிறது. இது பிடிபட்டுவிட்டால் எந்த இரண்டு ஊருக்கும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

படி 1: எந்தத் தூரம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

விமான மைல் கணக்கு, சரக்கு டிரோன், கடல் வழி, அல்லது வெறும் ஒப்பீடு என்றால் நேர்கோட்டுத் தூரம் வேண்டும். பெட்ரோல், டாக்சி வாடகை என்றால் சாலைத் தூரம். ரயில் கட்டணம் தண்டவாள நீளத்தின்படி. ஊருக்குப் போய்ச் சேர எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதுதான் கேள்வி என்றால் இவற்றில் ஒன்று மட்டும் போதாது, வீட்டு வாசலிலிருந்து போகிற இடத்து வாசல் வரை நேரக் கணக்கு போடவேண்டும்.

தூரம் காட்டும் பல தளங்களில் 'விமானத் தூரம்' என்று தலைப்பு இருக்கும். அது பெரும்பாலும் இரண்டு ஊர்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே போட்ட கோடு. அந்த ஊரில் விமானம் ஏற முடியுமா என்பதை அந்தத் தளம் பார்ப்பதே இல்லை. தஞ்சாவூரையே எடுத்துக்கொள்ளுங்கள். விமானப்படைத் தளம் இருக்கிறது; 2020 ஜனவரியில் சுகோய்-30 படைப்பிரிவு ஒன்றும் அங்கே நிலைகொண்டது. பயணிகள் விமானம் அங்கிருந்து கிளம்புவதில்லை. ஆனாலும் 'தஞ்சாவூர்–சென்னை விமானத் தூரம், நேரம்' என்று தளங்கள் கூசாமல் எழுதி வைத்திருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து டிக்கெட் போடும் பிள்ளைகள் அதை நம்பி ஏமாறக்கூடாது.

படி 2: இரண்டு முனைகளையும் சரியாகக் குறியுங்கள்

ஊர்ப் பெயரை மட்டும் தட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். குருபகவானைக் கும்பிட ஆலங்குடிக்குப் போகிறவர்கள் மேப்பில் 'ஆலங்குடி' என்று போட்டால், புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடியும் வந்து நிற்கும். நீங்கள் போகவேண்டியது கும்பகோணத்துக்குத் தெற்கே, திருவாரூர் மாவட்டத்தில் இருப்பது. இரண்டு ஆலங்குடிக்கும் நடுவே நேர்கோட்டிலேயே சுமார் 70 கி.மீ. இருக்கிறது. பெயரோடு மாவட்டத்தையும் சேர்த்துத் தட்டுங்கள், அல்லது கோயில், பேருந்து நிலையம் என்று ஒரு திட்டமான இடத்தைப் போடுங்கள்.

சென்னை என்பதும் ஒரு புள்ளி இல்லை. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தெற்கேயிருந்து வரும் பெரும்பாலான பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. சென்ட்ரல் பக்கம் போகவேண்டியவருக்கு அங்கிருந்து இன்னும் 30 கி.மீ.க்கு மேல் பாக்கி. விமான நிலையம் போகிறவருக்கு அதில் பாதி. மேப்பில் 'சென்னை' என்று மட்டும் போட்டால் அது நகர நடுவைக் காட்டும். தாம்பரத்தில் அக்கா வீட்டுக்குப் போகிறவருக்கு அந்த எண்ணில் 25 கி.மீ. அதிகம்.

கணக்குப் போடப் போகிறவர்கள் இரண்டு இடத்தின் ஆயத்தொலைகளையும் எழுதிக்கொள்ளுங்கள். கூகுள் மேப்பில் அந்த இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் சிவப்புக் குறி விழும். மேலேயோ கீழேயோ இரண்டு தசம எண்கள் தெரியும். முதலாவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. இந்த வழிகாட்டியில் நான் எடுத்துக்கொண்டவை இவை:

திருச்சி விமான நிலையம்: 10.765, 78.71
தஞ்சாவூர்: 10.787, 79.138
கும்பகோணம்: 10.96, 79.385
மயிலாடுதுறை: 11.103, 79.652
நாகப்பட்டினம்: 10.766, 79.843
சென்னை விமான நிலையம்: 12.99, 80.17
சென்னை சென்ட்ரல்: 13.083, 80.27

முதல் எண்களைக் கொஞ்சம் பாருங்கள். திருச்சி விமான நிலையம், தஞ்சாவூர், நாகப்பட்டினம் மூன்றும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. திருவாரூரும் அதே கோட்டில்தான். மேற்கேயிருந்து கிழக்கே நூல் பிடித்த மாதிரி அமைந்த ஊர்கள். இதன் பலன் கணக்கில் தெரியும்.

படி 3: நேர்கோட்டுத் தூரத்தைக் கணக்கிடுங்கள்

சுலபமான வழி மேப்பிலேயே இருக்கிறது. குறி விழுந்ததும் கீழே வரும் பலகையை மேலே இழுத்தால் 'தூரத்தை அளவிடு' என்று இருக்கும். அதைத் தொட்டு, திரையை நகர்த்தி அடுத்த ஊரின் மேல் வட்டத்தைக் கொண்டுபோய் வைத்தால் கீழே கிலோமீட்டர் தெரியும். அளவு மைலில் வந்தால் 1.609-ஆல் பெருக்குங்கள், நாட்டிகல் மைலில் இருந்தால் 1.852-ஆல்.

கையால் போட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது; ஒருமுறை போட்டால் மறக்காது. அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது சுமார் 111 கி.மீ. தீர்க்கரேகையில் ஒரு டிகிரி, நம் டெல்டா இருக்கும் அட்சரேகையில், சுமார் 109 கி.மீ. வடக்கே போகப் போக தீர்க்கரேகைகள் நெருங்கிக்கொண்டே போவதால் இந்த 109 குறையும். தமிழ்நாட்டுக்குள் 109 என்றே வைத்துக்கொண்டால் பிழை ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் வராது.

திருச்சி விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்குப் போடுவோம்.

அட்சரேகை வித்தியாசம்: 12.99 − 10.765 = 2.23 (சுமார்). 2.23 × 111 = 247.5
தீர்க்கரேகை வித்தியாசம்: 80.17 − 78.71 = 1.46. 1.46 × 109 = 159.1
இரண்டையும் தனித்தனியே அதனதனால் பெருக்கிக் கூட்டினால் சுமார் 86,600. அதன் வர்க்கமூலம் 294.

ஆக, திருச்சி–சென்னை விமானத் தூரம் 294 கி.மீ. பள்ளியில் படித்த பித்தாகரஸ் தேற்றம்தான், வேறொன்றுமில்லை.

இதே முறையில் தஞ்சாவூர்–நாகப்பட்டினம் 77 கி.மீ. வரும். அட்சரேகை வித்தியாசம் ஏறத்தாழ சுழி என்பதால் 0.705-ஐ 109-ஆல் பெருக்கினாலே போதும், வேலை முடிந்தது.

நீண்ட தூரத்துக்கு இந்தத் தட்டைக் கணக்கு உதவாது, பூமி உருண்டை என்பதை நினைவில் வைக்கவேண்டும். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு இப்படியே 109 வைத்துப் போட்டால் 2,946 கி.மீ. வரும். கோளக் கணக்கில் போட்டால் 2,980. வித்தியாசம் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரையிலான நேர்கோட்டுத் தூரம் அளவுக்கு! கோளக் கணக்கு இதுதான்: இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள். தனியாக, இரண்டு அட்சரேகைகளின் காஸ் மதிப்புகளையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் காஸ் மதிப்பையும் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டினால் திருச்சி–சிங்கப்பூருக்கு 0.8925 வரும். கால்குலேட்டரில் தலைகீழ் காஸ் அழுத்தினால் 26.8 டிகிரி. அதை 111.2-ஆல் பெருக்கினால் 2,980. எந்தக் கண்டத்துக்கும் இதே சூத்திரம்.

படி 4: விமானம் எங்கிருந்து, எவ்வளவு நேரம்

294 கி.மீ.யைப் பறக்க ஏன் ஒரு மணி நேரம் ஆகிறது என்று பலர் கேட்பார்கள். அட்டவணையில் போட்டிருக்கும் நேரம் வாசலை விட்டு நகர்வதில் தொடங்கி அங்கே வாசலில் நிற்பது வரைக்கும். திருச்சியின் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, சென்னை வடகிழக்கில். ஏறிய விமானம் திரும்பித்தான் திசை பிடிக்கவேண்டும். சென்னையில் இறங்க வரிசை இருந்தால் இன்னும் சுற்றும். நடுவில் முழு வேகத்தில் போகிற நேரம் குறைச்சல். அதனால் குறுகிய தூரத்துக்கு 'கிலோமீட்டரை வேகத்தால் வகுப்பது' பலிக்காது. ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் தனியாக வைத்துக்கொண்டு, மிச்சத்துக்கு மட்டும் வேகக் கணக்கு போடுங்கள்.

டெல்டாவுக்கு முதல் விமான நிலையம் திருச்சிதான். 2024 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட புதிய முனையம் அதே ஆண்டு ஜூனில் செயல்பாட்டுக்கு வந்தது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா நகரங்கள் என்று வெளிநாட்டுப் போக்குவரத்து அங்கே கணிசம். ஆனால் டெல்டா முழுவதற்கும் திருச்சிதான் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லாதீர்கள். மயிலாடுதுறையிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் 109 கி.மீ., புதுச்சேரி விமான நிலையத்துக்கு 98. சீர்காழி, சிதம்பரம்காரர்களுக்குப் புதுச்சேரி இன்னும் பக்கம். அங்கிருந்து கிளம்பும் விமானங்கள் மிகக் குறைவு. பெங்களூரு, ஐதராபாத் போகிறவர்கள் அட்டவணையை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

நாகப்பட்டினத்துக்காரர் சென்னைக்கு விமானத்தில் போக நினைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். நாகையிலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 260 கி.மீ., வடக்கே. திருச்சி விமான நிலையமோ மேற்கே 123 கி.மீ. நேர்கோட்டில், சாலையில் 140-க்கு மேல். அவ்வளவு தூரம் போய், அங்கிருந்து 294 கி.மீ. பறந்தால், ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியே நேராகப் போயிருந்தால் கடந்திருக்கக்கூடிய தூரத்தைவிட ஒன்றரை மடங்கு ஆகிவிடும். என் கருத்தில் கும்பகோணத்துக்குக் கிழக்கே இருக்கிற யாருக்கும் சென்னை விமானம் லாபமில்லை.

இன்னொரு விஷயமும் இந்தக் கணக்கில் தெரிகிறது. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை கடல்வழியே சுமார் 108 கி.மீ., அதாவது 58 நாட்டிகல் மைல். நாகைக்குத் திருச்சி விமான நிலையத்தைவிட இலங்கைக் கரை பக்கம்! 2023 அக்டோபர் 14-ல் இந்த வழியில் பயணிகள் கப்பல் தொடங்கியது. கடல் சரியில்லாத மாதங்களில் நிறுத்திவிடுவார்கள், ஆகவே தேதியை உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். இந்த ஜோடிக்குச் சாலைத் தூரம் என்று ஒன்று கிடையாது.

படி 5: சாலைத் தூரம் – ஆற்றைப் பாருங்கள், பாலத்தைப் பாருங்கள்

நேர்கோட்டுத் தூரம் தெரிந்தால் சாலைத் தூரத்தை ஒரு பெருக்கலில் ஊகிக்கலாம். நெடுஞ்சாலை நேராகப் போகிற இடத்தில் 1.1, சுமாரான இடத்தில் 1.2, சுற்றுவழி என்றால் 1.3 அல்லது அதற்கு மேல். எந்த எண்ணை எடுப்பது என்பதற்கு டெல்டாவின் அமைப்பே விடை சொல்லும்.

காவிரியும் அதன் கிளைகளும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. ஆற்றோடு சேர்ந்து கிழக்கு மேற்காகப் போகிற சாலைக்கும் ரயிலுக்கும் தடை குறைவு. தஞ்சாவூர்–நாகப்பட்டினம் நேர்கோட்டில் 77. நீடாமங்கலம், திருவாரூர் வழியாகப் போகும் தண்டவாளம் 80-க்குள் முடிந்துவிடுகிறது, சாலை 85-ஐ ஒட்டி. 1.1 போதும்.

வடக்கு தெற்காகப் போனால் கதை வேறு. தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு ஒருமுறை ஜன்னலோரம் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். ஊரை விட்டதும் வடவாறு. அடுத்து வெண்ணாறு, வெட்டாறு. அப்புறம் குடமுருட்டி. கடைசியில் காவிரி, அதைத் தாண்டினால் ஐயாறப்பர் கோயில். 13 கி.மீ.க்குள் ஐந்து ஆறு, ஐந்து பாலம். நேர்கோட்டில் 11 கி.மீ. சொச்சம்தான் வரும். ஒவ்வோர் ஆற்றுக்கும் பாலம் கட்டி வைத்திருப்பதால் அந்தச் சாலை அவ்வளவு சுற்றவில்லை. ஆனால் பாலத்துக்கு முன்னும் பின்னும் வளைவு, குறுகல், எதிரே பேருந்து வந்தால் ஓரம் கட்டுவது என்று நேரம் போகும்.

உண்மையான மதில் கொள்ளிடம். பல இடங்களில் ஒரு கிலோமீட்டர் அகலம். தெற்குக் கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை ஊரின் கோயில் கோபுரம் தெரியும், பேருந்தில் போக ஒரு மணி நேரம் ஆகும். மேலேயிருந்து வந்தால் முக்கொம்பு, திருச்சிப் பாலங்கள், கல்லணை, தஞ்சாவூர்–அரியலூர் சாலையில் திருமானூர்ப் பாலம், கும்பகோணம்–ஜெயங்கொண்டம் பக்கம் நீலத்தநல்லூர்–மதனத்தூர்ப் பாலம், அப்புறம் அணைக்கரை, கடைசியாகச் சிதம்பரம்–சீர்காழி சாலை. கடக்கும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அணைக்கரையில் ஆர்தர் காட்டன் 1836-ல் எழுப்பிய கீழணையின் மேல்தான் நெடுங்காலம் சென்னை–கும்பகோணம் போக்குவரத்தே நடந்தது.

ஆகவே கொள்ளிடத்தைக் கடக்கிற எந்தப் பயணத்துக்கும் கணக்கை இரண்டாக உடையுங்கள்: வீட்டிலிருந்து பாலம் வரை ஒன்று, பாலத்திலிருந்து போகிற ஊர் வரை ஒன்று. இரண்டுக்கும் தனித்தனியே நேர்கோட்டுத் தூரம் போட்டு 1.2-ஆல் பெருக்கிக் கூட்டினால் மேப் காட்டுவதற்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நேரடியாக ஊருக்கு ஊர் கோடு போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

தெற்கே முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் ஆற்றுக்குப் பதில் அலையாத்திக் காடும் சதுப்பு நிலமும். இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் 39 கி.மீ. ஆனால் சாலை சதுப்பை விட்டு ஏறி உள்ளே வந்துதான் போகும்.

மேப் சொல்லும் குறுக்குவழி பற்றி ஓர் எச்சரிக்கை. டெல்டாவில் ஆற்றங்கரை, வாய்க்கால் கரையெல்லாம் மேப்பில் சாலையாக வந்துவிடுகின்றன. இரண்டு கி.மீ. மிச்சம் என்று அது கரை மேல் ஏற்றிவிடும். எதிரே டிராக்டர் வந்தால் பின்னாலேயே எடுத்து வரவேண்டியதுதான். மழை நாளில், இரவில், அந்த வழி வேண்டவே வேண்டாம். ஓரத்துக் கல்லைப் பாருங்கள்: தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. இந்த இரண்டு நிறத்துக்குள்ளேயே இருப்பது புதியவர்களுக்கு நல்லது.

படி 6: சென்னைக்கு எந்தச் சாலை

தஞ்சாவூர்க்காரருக்கு இரண்டு பெரிய வழி. ஒன்று கும்பகோணம், அணைக்கரை, சேத்தியாத்தோப்பு, பண்ருட்டி, விக்கிரவாண்டி வழி. தேசிய நெடுஞ்சாலை 36, பழைய எண் 45சி. சுமார் 320 கி.மீ. இன்னொன்று தேசிய நெடுஞ்சாலை 83-ல் திருச்சி போய் 38-ஐப் பிடித்து உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழி. 60 கி.மீ.க்கு மேல் கூடுதல், ஆனால் முழுக்க நான்குவழி. இரண்டுக்கும் நடுவே திருவையாறு, திருமானூர், அரியலூர் வழியாகப் பெரம்பலூர் பக்கம் ஏறிக்கொள்கிற வழியும் உண்டு. உள்ளூர் டிரைவர்கள் விரும்பிப் போவது. சிமெண்ட் லாரி அதிகம் என்பதை நினைவில் வையுங்கள்.

36-ஐ நான்குவழியாக்கும் வேலை விக்கிரவாண்டி–சேத்தியாத்தோப்பு, சேத்தியாத்தோப்பு–சோழபுரம், சோழபுரம்–தஞ்சாவூர் என்று மூன்று துண்டாக நடந்தது. பல வருடம் இழுத்தது. புறவழிச்சாலை திறக்கத் திறக்கத் தூரமும் மாறும், நேரமும் மாறும். பழைய அனுபவத்தை வைத்துச் சொல்கிறவர் பேச்சை ஒரு வருடத்துக்குமேல் நம்பவேண்டாம்.

ரயிலுக்கும் இப்படியே இரண்டு வழி. எழும்பூரிலிருந்து திருச்சிக்கு விருத்தாசலம், அரியலூர் வழியான கார்டு லைனில் சுமார் 337 கி.மீ.; சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியான மெயின் லைனில் சுமார் 400. ஒரே இரண்டு ஊர்கள், 60 கி.மீ.க்கு மேல் வித்தியாசம். டிக்கெட் போடும்போது ரயில் எந்த லைனில் போகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும்.

படி 7: கிலோமீட்டரை நேரமாக மாற்றுங்கள்

நம் ஊரில் 'எவ்வளவு தூரம்' என்று கேட்டால் பெரியவர்கள் 'ரெண்டு மணி நேரம்' என்றுதான் சொல்வார்கள். அதுதான் சரியான பதில். நான்குவழிச் சாலையில் நிறுத்தங்களோடு சேர்த்து மணிக்கு 60 கி.மீ., இருவழி நெடுஞ்சாலையில் 45, டெல்டாவின் உள்சாலையில் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைத்தெரு, பள்ளிக்கூடம், ரயில்வே கேட், வேகத்தடை எல்லாம் அதில் அடக்கம். இதைவிட வேகமாகப் போவேன் என்று கணக்குப் போடுவது குழந்தைகளும் பெரியவர்களும் இருக்கிற வண்டிக்கு நியாயமில்லை.

இப்போது வாசலுக்கு வாசல் போட்டுப் பார்ப்போம். தஞ்சாவூர் வீட்டிலிருந்து தியாகராய நகர் போகவேண்டும். விமானம் என்றால் திருச்சி விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி, இரண்டு மணி முன்னதாக அங்கே இருப்பது, பறக்க ஒரு மணி, பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி, நகருக்குள் முக்கால் மணி. மொத்தம் ஐந்தே முக்கால். காரில் ஆறு முதல் ஆறரை. மிச்சம் முக்கால் மணிக்குள்தான். கும்பகோணத்திலிருந்து என்றால் திருச்சி விமான நிலையம் சாலையில் 95 கி.மீ.க்குக் குறையாது, அதற்கே இரண்டரை மணி ஆகும்போது விமானம் தோற்றுவிடுகிறது. முதுகுவலி, அறுவைச் சிகிச்சை முடிந்தவர், நீண்ட நேரம் உட்கார முடியாதவர் என்றால் மட்டும் நேரம் பார்க்காமல் விமானத்தையோ இரவு ரயில் படுக்கையையோ எடுங்கள்.

வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி முன்னதாக. அதற்கு மேல் டெல்டாவிலிருந்து வருகிறவர்கள் இன்னொரு முக்கால் மணி சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பேன். காரணம் பருவம். தை, மாசியில் சம்பா அறுவடை: அறுவடை இயந்திரம் சாலையை அடைத்துக்கொண்டு ஊரும், வைக்கோல் லாரி முந்த விடாது, ஓரத்தில் நெல் காயும், கொள்முதல் நிலையத்தின் முன் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். இது நம் சோறு, ஹாரன் அடிக்காமல் பொறுத்துப் போகவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அதற்குச் சில நாள் முன்பிருந்தே சாலையோரம் காவி உடுத்தி நடந்து போகிறவர்கள், இரவிலும் போவார்கள். 2028-ல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. அந்த நாட்களில் மேப் காட்டும் நேரத்துக்கு அர்த்தமே இருக்காது.

படி 8: தூரத்தைக் காசாக்குவது

டாக்சியில் பெரும்பாலான சண்டை ஒரே இடத்தில்தான் வருகிறது. வெளியூர் டிராப் என்றாலும் போக வர இரண்டு பக்கக் கிலோமீட்டரையும் போடுவது இங்கே வழக்கம். கும்பகோணத்திலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு 95 என்று நீங்கள் நினைத்தால், பில் 190-க்கு வரும். வண்டி செட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்த தூரமும் அதில் சேரலாம். நாள் வாடகை என்றால் குறைந்தபட்சம் இத்தனை கி.மீ. என்று ஒரு கணக்கு, அதற்குமேல் டிரைவர் பேட்டா, சுங்கம், பார்க்கிங். இது அவர்கள் பிழைப்பு, தப்பென்று சொல்லமாட்டேன். முன்கூட்டியே கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிட்டால் இரண்டு பேருக்கும் மனக்கசப்பில்லை.

சொந்தக் கார் என்றால் தூரத்தை வண்டியின் மைலேஜால் வகுத்தால் லிட்டர் வந்துவிடும்: 320-ஐ 16-ஆல் வகுத்தால் 20 லிட்டர். திருச்சியிலிருந்து சென்னை போகும்போது சமயபுரம், திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று வரிசையாகச் சுங்கச்சாவடிகள். தஞ்சாவூரிலிருந்து கிளம்பினால் துவாக்குடிக்கு அருகே வாழவந்தான்கோட்டையும் சேரும். மாதம் ஒருமுறையாவது போய்வருகிறவர்கள் பாஸ்டேக் ஆண்டு பாஸைப் பாருங்கள். 2025 ஆகஸ்ட் 15-ல் அறிமுகமானபோது 3,000 ரூபாய்க்கு 200 கடப்புகள் என்று வந்தது, தனியார் கார்களுக்கு மட்டும்.

படி 9: கிளம்புவதற்கு முதல் நாள்

மேப்பில் 'புறப்படும் நேரம்' என்று ஒரு வசதி இருக்கிறது. நாளைக்குக் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் எவ்வளவு ஆகும் என்று முதல் நாள் இரவே பார்த்துவிடலாம். அதே பாதையை மாலை ஐந்துக்கும் போட்டுப் பாருங்கள்; பொங்கல், தீபாவளி முடிந்து திரும்புகிற ஞாயிற்றுக்கிழமையில் பரனூர் நெரிசல் எப்படி நேரத்தை விழுங்குகிறது என்று தெரியும். வழியில் கோயில், சாப்பாடு என்று நிறுத்தம் இருந்தால் அவற்றையும் நிறுத்தமாகச் சேருங்கள். நவக்கிரகக் கோயில்கள் போகிறவர்களுக்கு இது மிக முக்கியம்: திங்களூர் திருவையாற்றுப் பக்கம், கீழ்ப்பெரும்பள்ளம் பூம்புகார்ப் பக்கம், திருநள்ளாறு காரைக்காலில். வரிசையை மாற்றினால் மொத்தத் தூரமும் மாறும்.

மேட்டூரிலிருந்து உபரி நீர் திறந்திருக்கிறார்களா என்று செய்தியில் பாருங்கள். கொள்ளிடத்தில் வெள்ளம் என்றால் தாழ்வான பாலங்களில் போக்குவரத்தை நிறுத்துவார்கள். மேப்புக்கு அது தெரியச் சற்று நேரமாகும். கடைசியாக, நீங்கள் கடக்கப் போகிற பாலத்துக்குப் பக்கத்து ஊரில் தெரிந்தவர் யாராவது இருந்தால் ஒரு போன் போட்டு, "அண்ணே, பாலத்துல வண்டி போகுதா?" என்று கேளுங்கள். போகவில்லை என்றால் அடுத்த பாலத்தை நிறுத்தமாகச் சேர்த்து, தூரத்தையும் நேரத்தையும் மறுபடி போட்டு, அந்தக் கணக்குப்படி டிரைவருக்குக் கிளம்பும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.